குருளையின் வயது

தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் 'குருளை' என்று பெயர் வகுத்தது. முதுமைக்கு எப்பெயரும் வகுக்கவில்லை. பிற்காலத்தில் நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்னும் கணக்கு உலகெங்கும் வழங்கலாயிற்று.

2020இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு அக்கணக்கை மறுத்தது. 104 லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் மெத்தில் குறிகளை மனிதருடையவற்றோடு அவர்கள் ஒப்பிட்டனர். ஓராண்டு நாய் 31 வயது மனிதருக்கு நிகர்; நான்காண்டு நாய் 53க்கும், பன்னிரண்டாண்டு நாய் 71க்கும் நிகர். குருளைப் பருவம் விரைந்து கழிய, மூப்பு மெல்ல நகர்கிறது.

எனினும் இவ்வளவுகோல் ஓரினத்தின் உடலில் வார்க்கப்பட்டது. பிறந்தநாள் பதிவாகாத வைப்பின் தெருநாய்க்குப் பல்லின் தேய்மானமே வயதுச் சான்று. பசியும் நோயும் அதன் உடலை எவ்வளவு விரைவில் மூப்படையச் செய்கின்றன என்பதைப் பல் சொல்லாது. அதை அறிய அத்தகைய நாய்களின் குருதியிலிருந்தே அளவுகோல் பிறக்க வேண்டும்.