நகரமன்றத்துக்கு எட்டாத மதுக்கடை

பள்ளிக்கு அருகில் மதுக்கடை வேண்டாம் என்று நகரமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தாலும், அது பெரும்பாலும் மாநில அரசுக்கு விடுக்கும் வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது. இந்நிலைக்கு நீண்ட வரலாறு உண்டு.

காலனிய ஆட்சி ஆப்காரியை முதன்மையாக வருவாய் இனமாகவே நிர்வகித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பெரும்பாலான மாகாணங்களில் அத்துறையும் கல்வித்துறையும் ஒருசேர இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் வந்தன. கடையை மூடினால் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்னும் இக்கட்டும் உடன்வந்தது. விடுதலைக்குப் பின், அரசமைப்பின் 47ஆம் உறுப்பு மதுவிலக்கை வழிகாட்டு நெறியாக்கியது. ஏழாம் அட்டவணையோ மதுவையும் அதன் மீதான ஆயத்தீர்வையையும் மாநிலங்களிடம் ஒப்படைத்தது.

1992இன் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பொருள்களைப் பட்டியலிட்டது. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், இறைச்சிக்கூடம், சுடுகாடு ஆகியவை அதில் உள்ளன, மது இல்லை. 1996இன் பெசா சட்டமோ, ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் மது விற்பனையைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் அளிக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. மகாராட்டிரத்தில் பெண்களின் வாக்கெடுப்பால் கடையை மூடவும் வழியுண்டு: நிற்கும் புட்டி ஒரு சின்னம், கிடக்கும் புட்டி மற்றொன்று.

பழங்குடிக் கிராமத்துக்கு உண்டென்று சட்டம் ஏற்ற தகுதி மாநகர மன்றத்துக்கு ஏன் இல்லை? நகரக் கடைகள் கருவூலத்துக்கு ஈட்டித்தரும் தொகையை ஒதுக்கிவைத்து இக்கேள்விக்கு விடை காண இயலாது.