பணியிட விபத்து விசாரணை: கல்யாண் வட்டாரம்

ஆலையிலோ பட்டறையிலோ கிணற்றுக்குள்ளோ வேலையின்போது விபத்து நேர்ந்தால், அது ஏன் நேர்ந்தது என்று துருவிப் பார்த்து, அதே காரணத்தால் இன்னொருவர் சாகாதபடி செய்வது பணியிட விபத்து விசாரணை. யார்மீது வழக்குப் போடுவது என்பது போலீஸின் வேலை. அதையும் இதையும் ஒன்றாக்கினால் சாட்சிகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

தானே மாவட்டம் கல்யாண் வட்டத்தில் உள்ள டோம்பிவலி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில், 2016 மே 26 வியாழக்கிழமை, புரோபேஸ் என்டர்பிரைசஸ் ஆலை வெடித்து 12 பேர் இறந்தார்கள். வெடித்தது புரோபார்ஜில் குளோரைடு என்னும் ரசாயனம். அரசு அமைத்த குழுவின் அறிக்கை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகு 2018-இல்தான் வெளியே வந்தது. பக்கத்து ஆலையின் ஷிப்ட் பொறுப்பாளர் முதல் மாதமே படித்திருக்க வேண்டிய தாள்கள் அவை. 2024 மே 23, அதுவும் வியாழக்கிழமை, அதே தொழிற்பேட்டையில் அமுதான் கெமிக்கல்ஸ் ஆலை வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பாய்லர் வெடித்தது என்றே அன்று முதலில் செய்தி பரவியது; ரியாக்டர் என்பது பிறகு தெரிந்தது. இரண்டும் ஒன்றல்ல. பாய்லர் என்றால் நீராவி அழுத்தத்தையும் சேப்டி வால்வையும் பார்க்க வேண்டும். ரியாக்டர் என்றால் உள்ளே வினை கட்டுமீறியதா, குளிர்விக்கும் தண்ணீர் நின்றதா, எந்தப் பொருளை எந்த வேகத்தில் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். கேள்வி தவறினால் மருந்தும் தவறும்.

ரசாயன ஆலைகளை விட்டு ஒரு கிணற்றுக்கு வருவோம். 2018 நவம்பர் 1, கல்யாண் கிழக்கு. கழிவு கலந்த கிணற்றைத் துப்புரவு செய்ய ஒருவர் இறங்கினார்; மேலே வரவில்லை. அவரைத் தேடி இறங்கியவர்களும் வரவில்லை. காப்பாற்ற வந்த தீயணைப்பு வீரர்கள் இருவரையும் சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். இத்தகைய கிணறுகளில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கலாம். அந்த வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு ஏறினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் இறங்குவார். விசாரணை ‘விஷவாயு தாக்கி மரணம்’ என்று எழுதி முடித்தால் எதுவும் மாறாது. இறங்குமுன் கயிற்றில் வாயுமானியை விட்டுப் பார்த்தார்களா? காற்று ஊதினார்களா? இடுப்பில் கயிறு இருந்ததா? மேலே நின்றவருக்கு, விழுந்தவரைத் தேடித் தானும் இறங்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தார்களா? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் கனமானது. இறங்கியவர்கள் அசட்டையானவர்கள் அல்ல, பாசமும் கடமையும் உள்ளவர்கள்.

‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற முடிவை நான் பாதி விசாரணை என்றே சொல்வேன். உதாரணமாக, வால்வை மாற்றித் திறந்தவர் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவரா, இரு வால்வுகளும் ஒரே நிறமா என்று அதற்குப் பின்னாலும் போக வேண்டும். திருத்தத்திலும் வரிசை உண்டு: ஆபத்தான பொருளையே நீக்குவது, முடியாவிட்டால் குறைந்த அளவில் வைப்பது, தானாக நிற்கும் ஏற்பாடு, அப்புறம்தான் பயிற்சியும் முகமூடியும். பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, உயிரிழப்பு நேர்ந்த விபத்தைத் தகவல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் விசாரிக்கச் சொன்னது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987-இல் வந்த திருத்தம், உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கும் தந்தது. மகாராஷ்டிராவில் தொழிற்சாலை விபத்து விசாரணையைக் கவனிப்பது தொழில் பாதுகாப்பு, சுகாதார இயக்ககம்.

அமெரிக்காவில் ரசாயன விபத்துகளை ஆராயத் தனி வாரியம் 1998 முதல் இயங்குகிறது. அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது, அறிக்கையை முழுவதுமாக வெளியிடுகிறது. ஒரே இடத்தில் விபத்து மீண்டும் நேர்வது கல்யாணில் மட்டுமல்ல: தமிழ்நாட்டில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-இல் ஒரு கொதிகலன் பகுதியில் வெடிப்பு நடந்தது. ஜூலை 1-இல் அதே நிலையத்தின் இன்னொரு கொதிகலனில் மீண்டும் நடந்தது. இடைவெளி எட்டு வாரம்கூட இல்லை.