ஸ்டூடெண்டின் குறிப்புப் புத்தகம்

டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுபான ஆலையில் 1899-ஆம் ஆண்டு வேலைக்கமர்ந்த வில்லியம் கோசெட்டுக்கு, பார்லி முதலியவற்றின் தரத்தைச் சோதிக்கையில் கிடைத்த அளவுகள் மிகச் சொற்பமாக இருந்தமையால், அவற்றைக் கொண்டு எம்மட்டுக்கு நிச்சயமாக ஒரு முடிவு கூறலாம் என்ற சந்தேகம் எழுந்தது. ஏராளமான அளவுகளை உத்தேசித்து அமைந்த அக்காலத்துச் சூத்திரங்கள் அவருக்கு உதவவில்லை. 1906-இல் லண்டன் சென்று, புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் ஆராய்ச்சிக் கூடத்தில் தங்கி அவர் ஒரு விடை கண்டார். அதற்குப் பூரணமான நிரூபணம் அமையாததால், கைச்சோதனையாலும் அதை உரைத்துப் பார்க்க முற்பட்டார்.

3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் மக்டொனெல் என்பவரது கட்டுரையில் வெளியாகியிருந்தன. அவற்றை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசை பிறழாமல் ஒரு புத்தகத்தில் பதிந்து, அடுத்தடுத்த நான்கை ஒரு மாதிரியாகக் கொண்டு 750 மாதிரிகளை அவர் வகுத்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, அச்சராசரி மொத்தச் சராசரியினின்று விலகிய தூரத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, உயரத்துக்கு 750, விரலுக்கு 750 என விடைகளைச் சேகரித்து, அவற்றின் பரவலைத் தமது சூத்திரத்தின் வளைகோட்டோடு ஒப்பிட்டபோது, இரண்டும் பெரும்பாலும் இணங்கின. 1908-இல் 'ஸ்டூடெண்ட்', அதாவது மாணவர், என்ற புனைபெயரில் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. நிரூபணத்தைப் பின்னர் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் அளித்தார்.

அட்டை கலைக்கும் சிரமத்தை, 1927-இல் டிப்பெட் என்பவர் வெளியிட்ட, தற்செயல் வரிசையில் அமைந்த 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணை நீக்கிற்று. கணக்கிடும் சிரமத்தை நீக்க யந்திரங்கள் வந்தன. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1976-இல் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் தொடங்கிய 'எஸ்' என்னும் கணினி மொழியைப் பின்பற்றி, நியூஜீலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 'ஆர்' மொழியை இயற்றினர். அதன் முதற் பூரணப் பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியாயிற்று. அம்மொழியில், கோசெட்டின் சூத்திரத்தைக் கொண்டு சராசரிகளின் வேறுபாட்டை ஆராயும் 'ஸ்டூடெண்டின் சோதனை'யை நடத்தினால், சோதனை எண், சுதந்திரப் படிகள், பி-மதிப்பு, நம்பக எல்லைகள் ஆகியவை அஞ்சறைப் பெட்டியின் அறைகள் போலத் தனித்தனிப் பெயருடன் ஒரே விடையில் அடங்கி வரும். 'ரெப்ளிகேட்' என்ற கட்டளையோ சோதனையை வேண்டிய மட்டும் திரும்ப நடத்தி, நாம் சுட்டிய எண்ணை மட்டும் வரிசையாகக் கோத்துத் தரும். 750 மாதிரிகளின் கணக்கு இன்று ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இந்தச் சௌகரியத்தில் ஓர் அபாயமும் உண்டு. பி-மதிப்புக்கு நூற்றுக்கு ஐந்து என்ற எல்லையை வைத்துச் சோதிப்பவர், வேறுபாடே இல்லாத இடத்திலும், 100 சோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் வேறுபாடு இருப்பதாகக் காண்பார். அந்த ஐந்தை மட்டும் பொறுக்கி உலகுக்குக் காட்டுபவர் பிறரையும் தம்மையும் ஏமாற்றுகிறார். ஆகவே யந்திரத்திடம் வேலையை ஒப்படைக்கும் வாசகர்கள், தமக்கு உவந்ததையும் உவவாததையும் பேதமின்றிப் பதிந்த அந்தப் பழைய மாணவரைப் பின்பற்றி, விடைகள் அத்தனையையும் விடாமல் சேகரித்து வைப்பார்களாக.