துயில்நோயும் 'ஒழுக்கக் குறை'யும்

உடற்பிணி உள்ளத்தையும் திரிக்கும் என்பது பழைய செய்தியே. ஆயினும், கவனம் நிலையாமையும் அடங்காமையும் பிணியின் வழி வருதல் கூடும் என்பது ஒரு கொள்ளைநோயினாற் பலரறியப் புலப்பட்டது. அவ்வரலாற்றினையும், அதனிடைப் புகுந்த பிழை ஒன்றனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1902இல் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவுக்குறை இன்றியும் மனத்தை ஒன்றில் நிறுத்தமாட்டாத, சினம் அடக்கமாட்டாத சிறாரை அவர் அவற்றுட் காட்டினார். சிலர்க்கு அந்நிலை உடல்நோயின்பின் தோன்றியதனையும் குறித்தார். ஆயின், அவர் இட்ட பெயரோ 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்னும் பொருளது. அச்சொல்லை அவர் வழங்கிய பொருள் சற்று வேறே எனினும், கேட்போர் செவியிற் படுவது பழியே.

1917இல் வியன்னா நகரத்து வான் எகோனோமோ புதியதொரு மூளையழற்சியை விரித்துரைத்தார். நோயுற்றோர் பலர் நெடுந்துயிலில் ஆழ்ந்தமையின் அது துயில்நோய் எனப்பட்டது. (ஆப்பிரிக்காவில் ஈயினாற் பரவும் துயில்நோய் வேறு.) ஏறத்தாழப் பத்தாண்டு பல நாடுகளிற் பரவிப் பின் தணிந்தது. அதன் காரணம் இன்றும் துணியப்படவில்லை. பிழைத்த பெரியோர் பலர் பின்னாளில் விறைப்பும் நடுக்கமும் உற்றனர். சிறாரோ பிறிதொரு வகையில் மாறினர். அமைதியாக இருந்த பிள்ளை, நோய் நீங்கி எழுந்தபின், இரவெல்லாம் அலைந்து பகலில் உறங்கும், எச்செயலிலும் நில்லாது, திருடும், உடன்பிறந்தாரை அடிக்கும், பின்னர் அதற்கு வருந்தவும் செய்யும். அறிவோ பெரும்பாலும் குன்றவில்லை. அப்பிள்ளையை 'ஒழுக்கம் கெட்டது' என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

சட்டமும் இவ்வினாவை எதிர்கொண்டது. இங்கிலாந்தின் 1913ஆம் ஆண்டு மனக்குறைச் சட்டம் பிறப்பிலோ இளமைத் தொடக்கத்திலோ அமைந்த குறையையே கருதியது. பத்து வயதில் நோயுற்று மாறிய சிறுவனுக்கு அதன்கண் இடம் இல்லை. 1927ஆம் ஆண்டுத் திருத்தம், பதினெட்டு வயதிற்குள் நோயினாலோ காயத்தினாலோ நேர்ந்ததனையும் சேர்த்தது. அச்சொற்கள் அவனுக்குக் காப்பும் ஆயின. அவனை விடுதியில் அடைத்து வைக்கவும் இடந்தந்தன. இதனை மறைத்தல் முறையன்று.

பிழை இதன்பின் நிகழ்ந்தது. மூளைநோயுற்ற பிள்ளை அடங்காதாயிற்று என்பது கண்ட உண்மை. அடங்காத பிள்ளைக்கெல்லாம் மூளை சிதைந்துளது என்பதோ காணாத துணிபு. புகையுள்ள இடத்து நெருப்புண்டு என்றமையின் நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு எனக் கொள்ளலாகாது என்று அளவை நூலார் விலக்கியது இத்தகைய மயக்கத்தையே. ஆயினும், காயத்தின் சுவடு சிறிதும் காணப்படாத பிள்ளைகட்கும் 'சிறு மூளைச்சிதைவு' என்னும் பெயர் இடப்பட்டது. 1962இல் ஆக்ஸ்போர்டிற் கூடிய அறிஞர் 'சிதைவு' என்பதனை விடுத்துச் 'செயற்குறை' என்று வழங்குமாறு கூறினர். பின்னர் அப்பெயரும் வழக்கு வீழ்ந்தது.

கவனக்குறையில் மரபுவழியின் பங்கு பெரிது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கருத்து. எனினும், செவிப்புலன், உறக்கம், வலிப்பு, தைராய்டுச் சுரப்பி ஆகியவற்றை மருத்துவர் வினவி அறிகின்றனர். அவற்றுட் குறை ஒன்றும் காணாவிடின், மறைந்த மூளைக்காயம் ஒன்றனைக் கற்பித்துக் கூறுவதில்லை.