சான்போர்ன் வயலின் 23ஆம் பாத்தி

அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான சான்போர்ன் வயல், பயிர்ச் சுழற்சியும் எருவும் மண்வளத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை நீண்டகாலம் கவனித்து அறிவதற்காக 1888இல் பாத்திகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 23ஆம் பாத்தியில் திமொதி என்னும் தீவனப்புல் மட்டுமே ஆண்டுதோறும் வளர்க்கப்பட்டு வந்தது.

1943இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்த பின், மருந்து நிறுவனங்களின் கவனம் ஆக்டினோமைசீட்டுகளின்மீது திரும்பியது. பூஞ்சையைப் போல இழையிழையாக வளரும் இப்பாக்டீரியாக்களே மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் முதன்மைக் காரணம். லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் இத்தேடலை நடத்தியவர், பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்று எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகர். மிசூரியில் முன்னர்க் கற்பித்திருந்த அவருக்கு, அங்கிருந்த மண்ணியலாளர் வில்லியம் ஆல்பிரெக்ட் சான்போர்ன் வயலின் மண்ணை அனுப்பிவைத்தார்.

சிறிதளவு மண்ணை நீரில் கரைத்து, அக்கரைசலை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகார் கூழின்மீது பரப்பினால், தனித்தனி நுண்ணுயிர்கள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் திட்டுகளாகின்றன. நோய்க்கிருமிகளை அருகில் வளரவிடாத திட்டு எதுவோ, அதுவே மேலாய்வுக்கு எடுக்கப்படும். பெரும்பாலான மாதிரிகள் பயனற்றோ உடலுக்கு நஞ்சாகவோ முடிந்துபோகும் இப்பொறுமைமிக்க வேலையில், 23ஆம் பாத்தியின் மண்ணிலிருந்து 1945இல் பொன்னிற நிறமியுடைய, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை ஆக்டினோமைசீட்டு ஒன்று கிடைத்தது. அது சுரந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாக 1948இல் அறிவிக்கப்பட்டது. பென்சிலினுக்குக் கட்டுப்படாத பல பாக்டீரியாக்களையும், டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியாக்களையும் அது அடக்கியது.

அக்காலத்தில் லெடர்லியின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார். இம்மருந்தின் வரலாற்றில் டகருக்குரிய சிறப்பு சிறிதும் குறையாமலே, அத்தேடலை வழிநடத்திய சுப்பாராவுக்கும் இடமளிப்பதே நேர்மையாகும். எனினும் மூலக்கடன் அந்த வயலுக்கே உரியது: உடனடிப் பயனை எதிர்பாராமல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரே புல்லை வளர்த்து, அந்நிலத்தைக் கலையாமல் காத்த வேளாண் ஆய்வாளர்கள் தம் பணியின் விளைவாக ஒரு மருந்து பிறக்குமென எண்ணியிருக்க வழியில்லை. 1964இல் அமெரிக்க அரசு சான்போர்ன் வயலைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.