‘இளம் விவசாயிகள்’ விவசாயிகள்தானா? ஆகஸ்ட் சாண்டரின் ஒரு படம் குறித்து

ஆகஸ்ட் சாண்டரின் கறுப்பு வெள்ளை உருவப்படங்களைப் பற்றிய ஆய்வுகளில், மனிதரை ஒரு சமூக வகையின் மாதிரியாகக் காட்டுவதே அவற்றின் இயல்பு என்பதும், அந்த வகை உடலிலேயே பதிந்துகிடக்கிறது என்பதும் நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து. அதற்கு அடிக்கடி எடுத்தாளப்படும் சான்று, ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் 1914ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட ‘இளம் விவசாயிகள்’ என்ற படம். அதை அவ்வாறு பயன்படுத்த முடியுமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கருநிறக் கோட்டும் தொப்பியும் அணிந்து கைத்தடி ஏந்திய மூன்று இளைஞர்கள், வயல்வெளிப் பாதையில் போகிற போக்கில் முகத்தைக் காமிராவின் பக்கம் திருப்பி நிற்கின்றனர். இடப்புறத்தவரின் உதட்டில் சிகரெட் தொங்க, அவருடைய தடி சாய்ந்திருக்கிறது. வலப்புறத்தவரோ தடியை நேராக ஊன்றி விறைப்பாக நிற்கிறார். முந்தைய வாசிப்பு கோட்டின்மேலும் கைகளின்மேலும் கண் வைத்தது. உழுதும் சுமந்தும் உரமேறிய உடலுக்கு, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் வர்க்கத்தாருக்கென வெட்டித் தைக்கப்பட்ட உடை பொருந்தவில்லை என்றும், மேல்தட்டின் ரசனைக்கு உழவர் தாமாகவே அடிபணிந்ததை இப்படம் காட்டுகிறது என்றும் அது வாதிட்டது. வாதம் கூர்மையானது, பரிவும் உடையது. எனினும் அது முழுக்கப் படத்தின் தலைப்பை நம்பி நிற்கிறது.

அந்த மூவரின் வாழ்க்கையைத் தேடிச் சென்ற பிற்கால ஆய்வு, அவர்களுள் இருவர் அப்பகுதியின் இரும்புத்தாதுச் சுரங்கத்திலும் ஒருவர் சுரங்க அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் என்பதை வெளிக்கொணர்ந்தது. அப்படியாயின், கோட்டுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட அலுவலக உடல் அம்மூவருக்குள்ளேயே நிற்கிறது. அதைப் பிரித்தறியாமல் மூன்று உடல்களிலும் ஒரே உழவுத் தழும்பு காணப்பட்டிருக்கிறது. தொழிலை உடலிலிருந்து வாசித்ததாக எண்ணியோர், தலைப்பில் கண்ட தொழிலை உடலின்மேல் ஏற்றிவிட்டனர் எனக் கொள்ளவே இடமிருக்கிறது. சிறு நிலத்தோடு சுரங்கக் கூலியையும் சேர்த்துப் பிழைத்த குடும்பங்கள் அங்கு உண்டு என்பதால் தலைப்பு பிழையன்று என மறுக்கலாம். குடும்பத்துக்கு அப்பெயர் பொருந்தலாம்; உடலைப் பற்றிய வாதத்தை அது காப்பாற்றாது.

சாண்டருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று கொள்வதும் கடினம். 1876இல் ஹெர்டோர்ஃப் என்னும் சுரங்க ஊரில் பிறந்து, இளமையில் சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர் அவர். விளக்கம் காலவரிசையில் கிடைக்கிறது எனலாம். 7 பிரிவுகளும் 45 தொகுப்புகளும் கொண்ட ‘இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்’ என்ற திட்டம் 1920களின் நடுவில்தான் வடிவம் பெற்றது. அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பு, கொலோன் நகரிலிருந்து கிராமங்களுக்குக் காமிராவைக் கொண்டுசென்று, ஊராரின் விருப்பத்துக்கும் கட்டணத்துக்கும் ஏற்பப் படமெடுப்பது அவருடைய பிழைப்பாக இருந்தது. அக்காலத்துப் படங்களுள் ஒன்றே இது. ஆகவே கோட்டும் தடியும் சிகரெட்டும் முதலில் அந்த இளைஞர்களின் தெரிவுகள்; தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கான சான்றுகள். வகைப்பெயர் பிற்பாடு வந்து சேர்ந்தது. 60 படங்களுடன் 1929இல் வெளிவந்த ‘காலத்தின் முகம்’ நூலுக்கு ஆல்ஃபிரட் டோப்ளின் எழுதிய முன்னுரை, தனியாளைக் கடந்து பொதுமையைக் காணுமாறு வாசகரைப் பழக்கியது. பின்வந்த ஆய்வாளர்களின் பார்வையில் அந்தப் பழக்கம் அளவுக்கு மீறியே தங்கிவிட்டது.

ஒற்றைப் படத்தை வைத்து ஒரு பெருந்திட்டத்தை மதிப்பிடலாகாது என்பது உண்மையே. ஆனால் படம் முன்பும் வகை பின்புமாக அமைந்தது இங்கு மட்டுமன்று. 1938 அளவில் கொலோன் யூதர்கள் அடையாள ஆவணங்களுக்காகச் சாண்டரிடம் எடுத்துக்கொண்ட படங்கள், போருக்குப் பின் ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்ற தொகுப்பாக அதே திட்டத்துள் சேர்ந்தன. அரசு அவர்கள்மேல் சுமத்திய கொடுமையை அவர்களது முகத்தின் இயல்பாக எந்த ஆய்வாளரும் வாசிப்பதில்லை. வெஸ்டர்வால்ட் இளைஞர்களின் தோளையும் கையையும் வாசிக்கும்போது மட்டும் அந்த எச்சரிக்கையைக் கைவிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை.