மூதவையும் புத்தளக் கரையும்: தொகுதியற்ற பிரதிநிதித்துவம் பற்றிய ஒரு நோக்கு

புத்தளக் களப்புக்கும் மேலைக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்து 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டவராகவே இன்று அவர் பெரிதும் அறியப்படுகின்றார். ஆயின் அரசியல் வரலாற்று மாணவர்க்கு அவர் வேறொரு வகையிலும் முக்கியமானவர். 1838 ஆம் ஆண்டில் இலங்கைச் சட்ட நிரூபண சபையில் தமிழருக்குரிய உறுப்பினராக அவர் நியமிக்கப்பெற்று, 1845 வரை அப்பதவியில் இருந்தார். அவருக்கு வாக்களித்தோர் எவருமிலர். அவருக்கெனத் தொகுதி எதுவும் வரையப்படவுமில்லை. தேசாதிபதியின் விருப்பமே அவரது தேர்தலாக அமைந்தது. எனினும், எல்லைக்குட்படாத ஒரு மக்கட் கூட்டத்தின் குரல், சிறுதொகையினர் வாழும் ஒரு கரையிலிருந்தும் எழக்கூடும் என்பதற்கு அந்நியமனம் சான்றாகின்றது.

நூறாண்டுகளின் பின் சோல்பரி அரசியற்றிட்டம் அமைத்த மூதவையிலும், அதாவது செனற் சபையிலும், தொகுதியற்ற பிரதிநிதித்துவமே இடம்பெற்றது. 1947 நவம்பர் 12 ஆம் நாள் முதன்முறையாகக் கூடிய அச்சபையின் உறுப்பினர் தொகை 30. அவருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. எஞ்சிய 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள்; இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் ஓய்வு பெற்றனர். பொதுமக்கள் எவரும் செனற்றருக்கு வாக்களித்ததில்லை. புத்தளத்துக்கு ஒரு செனற்றர், யாழ்ப்பாணத்துக்கு ஒரு செனற்றர் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

தெரிவுக்குக் கையாளப்பட்டது தனிமாற்று வாக்குமுறையாகும். இம்முறையில் குறித்த பங்கு வாக்குகளைப் பெறுபவர் தெரிவாவார். மிகுதி வாக்குகள் வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்குரியவரைச் சேரும். எனவே பெரும்பான்மைக் கட்சி எல்லா இடங்களையும் கவர்ந்துகொள்ள இயலாது. 1947 இல் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் 101 பேர். அவர்கள் 15 இடங்களையும் ஒருங்கே நிரப்புமிடத்து, வழக்கமான கணக்கின்படி 7 வாக்குகள் பெற்றவரின் தெரிவு உறுதியாகும். அவ்வாண்டுத் தேர்தலில் 7 ஆசனங்களை வென்றிருந்த தமிழ்க் காங்கிரசு போன்றதொரு சிறு கட்சிக்கும் இக்கணக்கு இடமளித்தது. ஆனால், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்தைந்து இடங்களே நிரப்பப்பட்டமையால், தேவையான பங்கு 17 ஆக உயர்ந்தது. 1960 இல் பிரதிநிதிகள் சபை 157 உறுப்பினராக விரிந்தபோது அது 27 ஆயிற்று. சிறுபான்மையினர்க்குத் திறந்த வாயில், ஓய்வுபெறும் ஒழுங்கினாலேயே ஒடுங்கிவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

கீழவையின் நிலை இதற்கு மாறானது. அங்கு நிலமே அடிப்படை. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும் 1,000 சதுரமைலுக்கு ஓர் ஆசனமும் என்ற விதிப்படி 95 ஆசனங்கள் மாகாணங்களுக்குப் பகிரப்பட்டன. நிலப்பரப்பின் பொருட்டு வழங்கப்பட்ட 25 ஆசனங்களுள் வடமேல் மாகாணம் 3 ஆசனங்களைப் பெற்றது. இன, மத அல்லது பிற பொதுநலனால் ஒன்றுபட்ட சிறுபான்மையினர் செறிந்து வாழுமிடத்து, அவர்தம் பிரதிநிதித்துவத்துக்கு வாய்ப்பளிக்கும் வகையில் எல்லை வரைய ஆணைக்குழுவுக்கு அதிகாரமும் இருந்தது. 1947 இல் புத்தளம் தொகுதியில் எச். எஸ். இஸ்மாயில் வெற்றிபெற்றார், 1956 இல் அவர் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகருமானார். செனற்றர் தெரிவின்போது புத்தளக் கரையின் பங்கு இத்தகைய உறுப்பினர் அளித்த வாக்கின் அளவே.

இனி, மூதவை தன் நோக்கத்தை நிறைவேற்றியதா என்பது நோக்கற்பாலது. அமைச்சருள் இருவரேனும் செனற்றராயிருத்தல் வேண்டும், அவருள் ஒருவர் நீதியமைச்சராதல் வேண்டும் என்பது விதி. 1960 ஆகஸ்டில் சிறிமாவோ பண்டாரநாயக்க செனற்றராக நியமிக்கப்பெற்றார். உலகின் முதற் பெண் பிரதமர் மூதவையில் அமர்ந்தே ஆட்சி நடத்தினார். இவை அச்சபைக்குப் பெருமை சேர்த்தன; வலிமை சேர்க்கவில்லை. நிதி மசோதாவை ஒரு மாதமே தாமதிக்க இயலும். ஏனைய மசோதாக்களும் கீழவையால் இரண்டு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றப்படின் சட்டமாகிவிடும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும் இச்சபையைக் கடந்தே நிறைவேறின. சபையில் பாதியினர் பிரதமரின் ஆலோசனைப்படி அமர்த்தப்படும்போது, அப்பிரதமரின் மசோதாவுக்கு அச்சபை அணையாகும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. 1971 அக்டோபர் 2 ஆம் நாள் செனற் சபை ஒழிக்கப்பட்டது.

பிறநாட்டு மூதவைகள் வேறு வழிகளைக் கண்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் மாநிலமே செனற்றர் தெரிவுக்கான தொகுதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் 12 இடங்கள். 1986 இல் ஒழிக்கப்பட்ட தமிழ்நாட்டு மேலவையில், சட்டப்பேரவை தெரிவு செய்தவரும் ஆளுநர் நியமித்தவரும் ஒருபுறமிருக்க, உள்ளூராட்சி அமைப்புகள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் ஆகியோருக்கும் தனித்தனித் தொகுதிகள் இருந்தன. முன்னையது நிலத்தையும் பின்னையது பெருமளவுக்குத் தொழிலையும் கல்வியையும் அடிப்படையாகக் கொண்டவை. சிதறி வாழும் இனக்குழுவுக்கு இவ்விரண்டும் நேரடி விடையாகா.

புத்தளக் கரையின் சிக்கல் இச்சிதறலே. களப்பின் இருமருங்கும் தமிழ் பேசும் முஸ்லிம்களும், உடப்பில் தமிழ் இந்துக்களும், சிலாபம் வரையிலான கரையோரத்தில் கத்தோலிக்கரும் வாழ்கின்றனர். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைப் புகுத்தியதும், புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டியா, வென்னப்புவ ஆகிய ஐந்தும் ஒரே தேர்தல் மாவட்டத்தின் வாக்கெடுப்புப் பிரிவுகளாயின. 2024 பொதுத்தேர்தலில் இம்மாவட்டம் தெரிந்த உறுப்பினர் 8 பேர். கரைக்கெனத் தனியாக ஓர் உறுப்பினர் இருந்த நிலை இவ்வாறு மறைந்தது. மேலும், 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் இக்கரையிலேயே தஞ்சம் புகுந்தனர். அவருட் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு வாக்களித்து வந்தனர். உடல் ஓரிடத்தும் வாக்கு வேறோரிடத்துமாக வாழ்ந்த இம்மக்களுக்கு நிலத்தால் வரையப்பட்ட தொகுதி எவ்வாறு நிறைவளிக்கும்?

இவ்வினா மீண்டும் மூதவைக்கே இட்டுச் செல்கின்றது. 2017 செப்டம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிப்படுத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, 55 உறுப்பினர் கொண்ட இரண்டாம் சபையொன்றை முன்மொழிந்தது. மாகாணசபை ஒவ்வொன்றும் ஐவராக 45 பேரும், பாராளுமன்றத்தால் 10 பேரும் தனிமாற்று வாக்கினால் தெரியப்படுவர் என்பது அதன் ஏற்பாடு. 2013 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வடமேல் மாகாணசபையின் உறுப்பினர் 52 பேர்; புத்தள மாவட்டத்துக்குரியோர் 16 பேர். ஐந்து இடங்களுள் ஒன்றைப் பெற 9 வாக்குகள் வேண்டும். மாவட்டம் முழுவதும் ஒன்றுபட்டால் ஒருவரை அனுப்பலாம். தமிழ் பேசுவோர் தனித்து ஒன்பது வாக்குகளைத் திரட்டுவது அரிது. ஆனால் பாராளுமன்றம் தெரியும் பத்து இடங்களின் கணக்கு வேறு. 225 உறுப்பினருள் 21 பேர் இணைந்தால் ஓரிடம் உறுதியாகும். நாடெங்கும் சிதறி வாழும் மக்களின் பிரதிநிதிகள் மாகாண எல்லைகளைத் தாண்டி அங்கு ஒன்றுகூடலாம்.

எனவே பழைய செனற் சபையின் குறை தொகுதியின்மை அன்று. சமமான வாக்குகள் எல்லை கடந்து இணையும் அவ்வாயில், சிதறி வாழ்வோர்க்கு வேண்டற்பாலதே. நியமனம் அச்சபையைப் பிரதமரின் நிழலாக்கியமையும், ஐந்தைந்தாக நிரப்பும் ஒழுங்கு அவ்வாயிலை ஒடுக்கியமையும், தடுக்கும் வலிமை அற்றமையுமே அதன் குறைகள். இம்மூன்றும் நீங்கிய ஒரு சபை அமையுமாயின், கற்பிட்டியிலிருந்து மீண்டும் ஒருவர் மூதவை ஏறலாம். அவ்வேளை அவரை அனுப்புவது ஆள்பவரின் தயவாக இராது, மக்கட் பிரதிநிதிகளின் வாக்காகவே இருக்கும்.